எடை குறைந்தால் காப்பீடு கைவிட்டுப் போகுமா? அறுவை சிகிச்சைக்கு முன் பிஎம்ஐ 40 குறித்து ஓர் ஐயம்

மலைக்கோட்டை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன், வயது 41. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று வகை மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக்கொண்டும் கடந்த ஓராண்டாக, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.4-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஏறத் தொடங்கிய எடை, நடைப்பயிற்சி, பேலியோ, உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்த அட்டவணை, ஓராண்டு ஜிம் என்று எதைச் செய்தாலும் ஆறேழு கிலோ குறைவதும், அடுத்த ஆண்டுக்குள் எட்டு கிலோவாகத் திரும்பி வருவதுமாக இருந்து, இப்போது 101.6 கிலோவில் நிற்கிறது. ஒரு பாடவேளை முழுவதும் நின்று நடத்த முழங்கால் இடம் கொடுப்பதில்லை.

மூன்று மருத்துவர்களைப் பார்த்த பிறகு, இரைப்பையின் அளவைக் குறைக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று குடும்பத்தில் முடிவெடுத்தோம். மருத்துவமனையில் ஏறத்தாழ 4 லட்சத்து 20 ஆயிரம் ஆகும் என்று மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். 2021-இல் எடுத்த 10 லட்ச ரூபாய்க் குடும்ப மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஓராண்டுகூடத் தவறாமல் புதுப்பித்து வருகிறோம். அதை நம்பித்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மருத்துவமனைச் சீட்டில் என் உயரம் 161 செ.மீ., எடை 101.6 கிலோ, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு, 39.2 என்று எழுதியிருக்கிறார்கள். காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "நாற்பது இருந்தால்தான் எளிதாகக் கிடைக்கும், இரண்டு மூன்று கிலோ ஏற்றிக்கொண்டு வாருங்களேன்" என்றார். அதே நாள், அதே கட்டடத்தின் மேல்மாடியில், அறுவை சிகிச்சை நிபுணர் "கல்லீரலில் கொழுப்பு அதிகமாக இருக்கிறது, இரண்டு வாரம் திரவ உணவில் இருந்து நான்கைந்து கிலோ குறைத்துக்கொண்டு வந்தால்தான் மேசையில் ஏற்றுவேன்" என்றார். ஒருவர் சொல்வதைக் கேட்டால் இன்னொருவரின் கதவு அடைபடுகிறது. உறவினர் ஒருவரும் "ஒரு மாதம் நன்றாகச் சாப்பிடு, அவ்வளவுதானே" என்கிறார். பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிச் சாப்பிட்ட எனக்கு, எடையை ஏற்றச் சொல்லும் அறிவுரையைக் கேட்டபோது அழுகைதான் வந்தது.

காப்பீட்டு நிறுவனம் எந்த நாளில் எடுத்த எடையைக் கணக்கில் கொள்கிறது? திரவ உணவால் எடை குறைந்தால் தகுதியை இழந்துவிடுவேனா? எனக்கு இருக்கும் சர்க்கரை நோயைக் கொண்டு 40-க்குக் கீழேயே அனுமதி பெற வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மதுரையில் மருத்துவமனைகளின் காப்பீட்டுப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில், எடையை ஏற்றிக்கொண்டு வரச் சொன்ன அந்த அறிவுரையை மறந்துவிடுங்கள். அதைச் சொன்னவர் உங்கள் பாலிசியின் விதியைப் பாதிதான் படித்திருக்கிறார்.

இந்த விதி ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதிக்கொண்டது அன்று. 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, மருத்துவக் காப்பீடுகளில் எவற்றுக்குப் பணம் தர மறுக்கலாம் என்பதை ஒரே சொற்களில் வரையறுத்தது. உங்கள் பாலிசி புத்தகத்தில் "விலக்குகள்" பகுதியைப் புரட்டினால் உடல் பருமன் பற்றிய விலக்கு 06 என்ற எண்ணுடன் இருக்கும். அறுவை சிகிச்சை மருத்துவரின் அறிவுரைப்படி நடக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைகள் அதை ஆதரிக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு மட்டும் மாற்று ஒன்றை அதே விதி தருகிறது. பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் இருந்து, அறுவை சிகிச்சை அல்லாத எளிய எடைக் குறைப்பு முறைகள் பலனளிக்காமல் போய், உடல் பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிர உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் போதும். ஆகவே 39.2 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் வாசலில் நிற்கத் தேவையில்லை. இரண்டாவது வாசலுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். மூன்று மாத்திரைகளுக்குப் பிறகும் 8.4 என்றால் அதைக் கட்டுப்பட்ட சர்க்கரை என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார். ஆனால் "கட்டுப்படாத" என்பதற்கு எத்தனை அளவு என்று விதி எண் எதையும் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சொல்லின் மீது வழக்கடிப்பார்கள். உங்கள் சர்க்கரை மருத்துவரிடம், என்ன மருந்து, எந்த அளவு, எத்தனை மாதம், அந்தக் காலத்தில் எடுத்த ஒவ்வொரு எச்பிஏ1சி முடிவும் என்ன என்று தேதிவாரியாக ஒரு கடிதம் வாங்குங்கள். "சர்க்கரை நோய் உள்ளது" என்ற ஒற்றை வரிச் சீட்டு பயன்படாது.

எந்த நாள் எடை என்ற கேள்விக்கு வருகிறேன். விதியில் நாள் குறிப்பிடப்படவில்லை. நடைமுறையில், முன் அனுமதி கேட்டு மருத்துவமனை அனுப்பும் படிவத்தில் உள்ள எடையையும், அதனுடன் இணைத்த முதல் ஆலோசனைச் சீட்டையும், உள்நோயாளியாகச் சேரும் நாளில் செவிலியர் எழுதும் எடையையும் ஒப்பிடுவார்கள். மூன்றும் வேறுபட்டு, ஏன் வேறுபட்டன என்பதற்கு ஒரு வரிகூட விளக்கம் இல்லாவிட்டால் கேள்வி எழும். எனவே திரவ உணவைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் எடை, உயரம், பிஎம்ஐ ஆகியவற்றைத் தேதியுடன் மருத்துவர் கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். "கல்லீரலின் அளவைக் குறைப்பதற்காக இத்தனை நாள் குறைந்த கலோரி உணவு என் அறிவுரைப்படி தொடங்கப்படுகிறது, இதனால் எடை குறையும்" என்று அறுவை சிகிச்சை நிபுணரே அதில் எழுதிவிட்டால், பிறகு குறையும் ஒவ்வொரு கிலோவும் சிகிச்சையின் பகுதியாகக் கணக்காகும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். உங்கள் உயரத்தை அளந்தார்களா, அல்லது கேட்டு எழுதினார்களா? என் அனுபவத்தில் பாதிப் பேருக்குக் கேட்டுத்தான் எழுதுவார்கள். அளந்தாலும் செருப்போடு, கொண்டையோடு அளந்துவிடுவார்கள். பிஎம்ஐ கணக்கில் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதால், இரண்டு செ.மீ. பிழை ஏறத்தாழ இரண்டரை கிலோவுக்குச் சமம். வெறுங்காலுடன், கூந்தலை அவிழ்த்துவிட்டு, குதிகால் சுவரில் படும்படி நின்று, மீண்டும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் மாறினாலும் உண்மையான உயரம் எதுவோ அதுவே எல்லாத் தாள்களிலும் இருக்கட்டும்.

கடைசியாக, உறக்கத்தில் குறட்டை உண்டா? இருந்தால் ஸ்லீப் ஸ்டடி என்ற உறக்க ஆய்வை எடுக்காமல் இருக்காதீர்கள். அதை விரிவாகப் பிறகு எழுதுகிறேன். இங்கே மின்சாரம் போய் வருகிறது.

நொய்யல் எழுதியது:

உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, அம்மா. நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்களோ அதே இடத்தில் 2022-இல் நான் நின்றேன். தவறான பக்கம் திரும்பினேன்.

என் உயரம் 172 செ.மீ. அப்போது எடை 114 கிலோ, பிஎம்ஐ 38.5. நாற்பதைத் தொட 118 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். யாரோ ஏற்றச் சொன்னார்கள் என்று பழி போட மாட்டேன், நானே எடுத்த முடிவு அது. ஐந்து வாரம் காலையும் மாலையும் பரோட்டாவும் இனிப்பும் தின்று 119 கிலோவுக்கு வந்தேன். அதற்குள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 240-ஐத் தாண்டிவிட்டது. படிக்கட்டில் ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மயக்க மருந்து நிபுணர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இந்த நிலையில் மயக்கம் கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர மேலும் இரண்டு மாதம் கடந்தது.

அதோடும் முடியவில்லை. காப்பீட்டு நிறுவனம் பழைய வெளிநோயாளிச் சீட்டுகளைக் கேட்டது. ஐந்து வாரங்களுக்கு முன் 114, இப்போது 119 என்ற இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, நிபந்தனை நிறைவேறவில்லை என்று எழுதி மறுத்துவிட்டார்கள். நண்பர்களிடம் கடன் வாங்கித்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன்.

எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் வேறொன்று. 2019-இல் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அந்தச் செலவை இதே நிறுவனம்தான் கொடுத்தது. இதய ரத்தக்குழாய் நோய் அந்த நான்கில் ஒன்று, 38.5 என்ற உண்மையான எண்ணே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. பருமனுக்கான சிகிச்சைக்கும் இதயக் கோப்புக்கும் என்ன தொடர்பு என்று நினைத்து, அந்தக் கோப்பை வீட்டு அலமாரியிலேயே வைத்திருந்தேன். மருத்துவமனையிலும் யாரும் கேட்கவில்லை.

பிறகு வழக்கறிஞரான என் மைத்துனர்தான் விதியை முழுமையாகப் படித்துக் காட்டினார். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதினோம்; அங்கும் மறுத்தார்கள். அதன் பிறகு சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு, அதாவது ஆம்பட்ஸ்மேனுக்கு, மனு அனுப்பினோம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்பது மட்டும் முக்கியம். காணொளி வழியாக விசாரித்தார்கள். எடையை ஏற்றியதை மறைக்காமல் சொன்னேன். 114 கிலோ என்ற பழைய சீட்டையும் ஸ்டென்ட் கோப்பையும் முன்வைத்து, அந்த எண்ணின்படியே முடிவெடுக்கக் கேட்டேன். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. ஒரு மாதத்துக்குள் பணமும் வந்தது. ஆனால் இடையில் கடந்த பதினோரு மாத வட்டியை நான்தான் கட்டினேன்.

ஆகவே வைகைக்கரை ஐயா சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். உங்கள் பழைய மருத்துவக் கோப்புகள் எல்லாவற்றையும், தொடர்பில்லாதவை என்று தோன்றுபவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

தினை எழுதியது:

உணவியல் நிபுணராகச் சில வரிகள் மட்டும் சொல்கிறேன். அந்த இரண்டு வாரத் திரவ உணவைக் காப்பீட்டை நினைத்துத் தயவுசெய்து தவிர்த்துவிடாதீர்கள். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேற்பகுதியை மூடிக்கொண்டு கிடக்கிறது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கீழே வேலை செய்ய வேண்டும். கொழுப்பேறிய கல்லீரல் பெரிதாகவும் கனமாகவும் இருப்பதோடு, தொட்டால் கீறி ரத்தம் கசியும் தன்மையோடும் இருக்கும். குறைந்த கலோரி உணவில் இருக்கும்போது கல்லீரலில் சேமித்து வைத்த கிளைகோஜனும், அதோடு சேர்ந்த நீரும், கொழுப்பும் விரைவாகக் குறைகின்றன. இரண்டே வாரத்தில் அளவு கண்கூடாகச் சுருங்கும். உங்கள் நிபுணர் கேட்பது தராசில் ஓர் எண்ணை அன்று, வயிற்றுக்குள் கையாள இடத்தை.

சர்க்கரை நோயாளி என்பதால் ஓர் எச்சரிக்கை. உணவை இந்த அளவுக்குக் குறைக்கும்போது பழைய அளவிலேயே மாத்திரைகளைத் தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளில் இது அதிகம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உங்கள் மூன்றில் ஒன்றாக இருந்தால், சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் அபாயம் உண்டு. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே அதை நிறுத்துவார்கள், திரவ உணவு தொடங்கும்போதே நிறுத்தச் சொல்வதும் உண்டு. எனவே முதல் நாள் திரவ உணவைத் தொடங்கும் முன் சர்க்கரை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். 2025-இல் நம் நாட்டுக்கு வந்த மௌன்ஜாரோ, வீகோவி போன்ற, வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசிகளை யாரேனும் எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லியாக வேண்டும்; அந்த ஊசியில் இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால் பட்டினி நேரக் கணக்கு மாறும்.

எடிசன் தமிழ் எழுதியது:

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை மையம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். இங்கே இந்தக் கேள்வியை வாரத்துக்கு நான்கு பேராவது கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, அச்சம் ஒன்றுதான்.

40, 35 என்ற இந்த இரண்டு எண்களும் 1991-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவின் அறிக்கையிலிருந்து வந்தவை. வயிற்றைத் திறந்து அறுவை செய்த காலம் அது. அதன் பிறகு சிகிச்சை முறையே மாறிவிட்டது. 2022-இல் அமெரிக்கச் சங்கமான ஏஎஸ்எம்பிஎஸ், உலகக் கூட்டமைப்பான இஃப்சோ ஆகிய இரண்டும் சேர்ந்து, வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிஎம்ஐ 35-க்கு மேல் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையை முன்வைக்கலாம் என்றும் அறிவித்தன. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். காப்பீட்டு விதிகள் மட்டும் இன்னும் 1991-லேயே நிற்கின்றன. மேலைநாட்டவரை வைத்து வகுத்த எண்ணுக்காகத் திருச்சியில் ஒரு ஆசிரியை எடையை ஏற்றலாமா என்று யோசிக்க வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. ஆனாலும் 2022 அறிவிப்பை உங்கள் கோப்பில் இணைக்கச் சொல்லலாம். "மருத்துவ நெறிமுறைகள் ஆதரிக்க வேண்டும்" என்ற நிபந்தனைக்கு அது சான்றாகும்.

இங்கே பல திட்டங்கள் மூன்று முதல் ஆறு மாதம் மருத்துவர் மேற்பார்வையில் எடைக் குறைப்பு முயற்சி செய்து, மாதாமாதம் எடை பார்த்துப் பதிவு செய்யச் சொல்கின்றன. ஒரு மாதம் தவறினால் முதலிலிருந்து தொடங்கச் சொன்ன திட்டங்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிக் காக்க வைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று 2016-லேயே ஏஎஸ்எம்பிஎஸ் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் செய்யும் முதல் வேலை, "எந்தத் தேதியின் பிஎம்ஐ-யைக் கொண்டு முடிவெடுப்பீர்கள்" என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவதுதான். அதை நீங்களும் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். தொலைபேசியில் யாரோ சொன்ன பதிலை நம்ப வேண்டாம்.

மலைக்கோட்டை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நொய்யல் ஐயா, உங்கள் பதிவை என் உறவினருக்கும் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உயரத்தை இன்று அளந்தார்கள். என்னிடம் கேட்டுத்தான் எழுதியிருந்தார்கள். கல்லூரிக் காலத்தில் அளந்த 161-ஐ நான் சொல்லியிருந்தேன். வெறுங்காலுடன் அளந்தபோது இரண்டு முறையும் 159 வந்தது. மருத்துவரே பழைய எண்ணை அடித்துத் திருத்தி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதன்படி பிஎம்ஐ 40.2. நான் ஒரு கவளமும் கூடுதலாகச் சாப்பிடவில்லை. ஆனால் 101 கிலோவுக்குக் கீழே இறங்கினால் மீண்டும் 40-க்குக் கீழே போய்விடுவேன் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க மனம் ஒப்பவில்லை.

வைகைக்கரை அண்ணா, குறட்டை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. இரவில் திடீரென்று மூச்சு நின்று, பிறகு திணறிக்கொண்டு மீண்டும் தொடங்குகிறது என்று என் கணவர் இரண்டு ஆண்டுகளாகச் சொல்கிறார். அலுப்பினால் வருவது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வைகைக்கரை எழுதியது:

சகோதரி, உங்கள் கணவர் சொல்வது சாதாரணக் குறட்டை அன்று. இந்த வாரமே ஸ்லீப் ஸ்டடி எடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைப்படுகிறது அல்லது குறைகிறது என்பதை அதில் எண்ணுவார்கள். 30 அல்லது அதற்கு மேல் வந்தால் அது தீவிர வகை. காப்பீட்டுக்கு முன்பாகவே உங்கள் உயிருக்காக அது தேவை. இந்தத் தடை இருப்பது தெரியாமல் மயக்கம் கொடுத்தால், அறுவை முடிந்த அன்றிரவு வலி மருந்தின் அசதியில் மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே தெரிந்தால், உறக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவியைப் போட்டுப் பழக்கி, அறுவைக்குப் பிறகும் அதைப் பயன்படுத்துவார்கள்.

தீவிர வகை என்று வந்துவிட்டால் 35 என்ற எல்லையே உங்களுக்குப் பொருந்தும். 159 செ.மீ. உயரத்துக்கு 35 என்பது 88.5 கிலோ. இரண்டு வாரத் திரவ உணவில் ஐந்து கிலோ குறைந்தாலும் அந்த எல்லைக்கு எட்டு கிலோ மேலேயே இருப்பீர்கள். அப்போது மருத்துவர் கேட்பதும் விதி கேட்பதும் ஒன்றோடொன்று மோதாது. முன் அனுமதிப் படிவத்தில் மூன்று காரணங்களையும், அதாவது உணவைத் தொடங்கும் முன் இருந்த 40.2, கட்டுப்படாத சர்க்கரை, மூச்சுத்தடை ஆகியவற்றை, சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

"எளிய முறைகள் பலனளிக்கவில்லை" என்பதற்கும் தாள் கேட்பார்கள். ஜிம் ரசீது, உணவியல் நிபுணரின் அட்டவணை, பழைய எடைக் குறிப்புகள் எதுவானாலும் தேதியோடு இருந்தால் பயன்படும். 2021-இல் பாலிசி எடுத்தபோது முன்மொழிவுப் படிவத்தில் உங்கள் உயரமும் எடையும் என்ன எழுதப்பட்டன என்பதையும் பார்த்துவிடுங்கள். முகவர் தம் வசதிக்காக 70 கிலோ என்று எழுதிவிட்டு, பிறகு நோயாளி உண்மையை மறைத்ததாகச் சொல்லி மறுக்கப்பட்ட கோரிக்கைகள் என் கையாலேயே பல சென்றிருக்கின்றன. அதே நேரம் காத்திருப்புக் காலத்தையும், இந்தச் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு எதுவும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பருமன் அறுவை சிகிச்சைக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுக் காத்திருப்பு வைத்த பாலிசிகள் உண்டு. நீங்கள் அதைக் கடந்திருப்பீர்கள்.

ஒருவேளை மறுத்தால் கலங்க வேண்டாம். 2024-இல் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நிறுவனத்துக்குள் உள்ள கோரிக்கை மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் மறுக்கக் கூடாது. பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்காமல் விடாதீர்கள். நொய்யல் ஐயா சொன்ன வழிக்கு அதுவே முதல் தாள்.

மலைக்கோட்டை வாசகி எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உறக்க ஆய்வில் மணிக்கு 42 முறை என்று வந்தது. நுரையீரல் மருத்துவர் அன்றே சீபேப் கருவியை எழுதிக் கொடுத்தார். முதல் நான்கு இரவுகள் முகமூடியைக் கழற்றி எறியத் தோன்றியது; ஐந்தாம் நாள் காலை தலைவலி இல்லாமல் எழுந்தேன். காலைத் தலைவலி எல்லோருக்கும் இருப்பதுதான் என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

முன்மொழிவுப் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தோம். 94 கிலோ என்று அன்று இருந்த எடையே எழுதப்பட்டிருந்தது. தினை அவர்கள் சொன்னபடி சர்க்கரை மருத்துவரைப் பார்த்தேன். மூன்றில் ஒன்று டாபாகிளிஃப்ளோசின்தான். அதை நிறுத்தி, இன்னொன்றைப் பாதியாக்கிய பிறகே திரவ உணவைத் தொடங்கினேன்.

எந்தத் தேதியின் பிஎம்ஐ என்று நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு, சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சான்றும் அதற்கான ஆவணங்களும் பரிசீலிக்கப்படும் என்று மட்டும் பதில் வந்தது. தேதி எதையும் சொல்லவில்லை. அந்தப் பதிலையும் கோப்பில் வைத்திருக்கிறேன். முன் அனுமதி கேட்டு அனுப்பியபோது ஒரே ஒரு கேள்வி வந்தது. எளிய முறைகள் பலனளிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். 2022-ஆம் ஆண்டு ஜிம் ரசீதுகளும், உணவியல் நிபுணரின் ஏழு மாத அட்டவணையும், அந்த ஏழு மாத எடையை நானே எழுதி வைத்திருந்த பள்ளி நாட்குறிப்பின் பக்கங்களும் போயின. நேற்று மாலை முதற்கட்டமாக 2 லட்சத்து 75 ஆயிரத்துக்கு அனுமதி வந்திருக்கிறது. மீதி இறுதிக் கட்டணச் சீட்டைப் பார்த்த பிறகு என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்று காலை எடை 97.4 கிலோ. திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். சீபேப் கருவியை மறக்காமல் கொண்டுவர வேண்டுமாம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களை அதற்குள் திருத்தி முடித்துவிட வேண்டும். வீடு திரும்பியதும் இறுதிக் கட்டணத்தில் எவ்வளவு கொடுத்தார்கள், எதையெல்லாம் கழித்தார்கள் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.